தறிச் சத்தமும் தோட்டத்து நத்தையும்!

எங்க ஊர் இளம்பிள்ளைக்கு வந்திருக்கீங்களா? வந்தா, முதல் ராத்திரி தூக்கம் கோவிந்தா! தெருவுக்குத் தெரு விசைத்தறி 'தடக் தடக்'னு ஓடும். ஒருமுறை வந்த காலேஜ் ஃப்ரெண்ட் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தான். நானோ, கரன்ட் போய் தறி நின்னாத்தான் முழிச்சுப்பேன். இது ஏன்னு எனக்குப் புரியவெச்சது... ஒரு நத்தை!

சிரிக்காதீங்க பாஸ்! எங்க சித்தி பி.எஸ்ஸி., விலங்கியல். அப்போ பிராக்டிகல்ல பைலா நத்தையோட ஓட்டை உடைச்சு, நரம்பு மண்டலத்தைப் பிரிச்சுக் காட்டணும். யு.ஜி.சி. 2011-ல் இதையெல்லாம் படிப்படியா குறைக்கச் சொன்னது. 2014-ல் மொத்தமா நிறுத்தச் சொல்லிடுச்சு. நல்லதுதான். ஆனா சித்திக்கு ஒரு குறை. ''நரம்பு எங்கே இருக்குனு படம் வரைஞ்சேன் கண்ணு. அது என்ன வேலை செய்யுதுனு பார்த்ததே இல்லை!''

அதை, நத்தை உயிரோட இருக்கும்போதே பார்க்கலாம். ஈரமான தோட்டத்து நத்தையோட கொம்பை ஈர்க்குச்சியால லேசா தொடுங்க. சடக்குனு உள்ளே இழுத்துக்கும். மறுபடி நீட்ட எத்தனை விநாடினு குறிச்சுக்கிட்டு, திரும்பத் தொடுங்க. போகப் போக நேரம் குறையும். கடைசியில கண்டுக்கவே கண்டுக்காது.

களைச்சுப் போச்சோ? இங்கேதான் சூட்சுமமே! ஓட்டுல வேற மாதிரி ஒரு தட்டு தட்டிட்டு, மறுபடி கொம்பைத் தொடுங்க. பழையபடி இழுத்துக்கிட்டா அது களைப்பு இல்லை. 'இந்தத் தொடல்ல ஆபத்து இல்லை'னு கத்துக்கிட்டிருந்திருக்கு!

உள்ளே என்ன நடக்குது? அதைப் பார்த்தவர் எரிக் காண்டல். நத்தைக்குச் சொந்தக்காரனான கடல் முயல்தான் அவரோட ஹீரோ. நம்ம மூளையில சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். அதுக்கு வெறும் 20 ஆயிரம்தான். சிலது வெறும் கண்ணுக்கே தெரியும் சைஸ்! திரும்பத் திரும்பத் தொட்டா, தொடு உணர்ச்சி நரம்பு அடுத்த நரம்புக்கு அனுப்புற ரசாயனம் குறையுதுனு காட்டினார். இந்த ஆராய்ச்சிகளுக்காக 2000-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகிட்டார். தறிச் சத்தத்துக்கு என் காது பழகினதும் இந்த ஜாதிதான், ஆனா இன்னும் சிக்கலானது.

ஒரு எச்சரிக்கை. பெரிய ஆப்பிரிக்க நத்தையில, மூளையைத் தாக்குற புழு இருக்கலாம். கையுறை போடுங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவுங்க. வேற ஊருக்கு எடுத்துட்டுப் போய் விட்டுடாதீங்க. அது பயிருக்கு எமன்!

போன ஞாயித்துக்கிழமை சித்தி, செல்போன் ஸ்டாப்வாட்ச்சும் ஈர்க்குச்சியுமா கொல்லைப்பக்கம் குந்திட்டாங்க. பக்கத்துல தறி ஓடிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு பேருக்குமே கேட்கலை.