குப்பையோடு போன ஹார்ட் டிஸ்க்: ரூ.6 ஆயிரம் கோடி அம்போ!

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் உள்ள ஊர் நியூபோர்ட். அங்குள்ள நகரசபை குப்பை மேட்டில் சுமார் 14 லட்சம் டன் குப்பை மலைபோல் கிடக்கிறது. அதற்குள் எங்கோ ஒரு லேப்டாப் ஹார்ட் டிஸ்க். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மதிப்பு? 2025 ஜனவரி கணக்குப்படி ரூ.6 ஆயிரம் கோடிக்கு மேல்!

தொலைத்தவர் பெயர் ஜேம்ஸ் ஹவல்ஸ். கம்ப்யூட்டர் வேலையே தொழில். ஒன்றும் தெரியாதவர் தொலைத்திருந்தாலாவது மனசு ஆறும்!

2009-ம் ஆண்டு 'பிட்காயின்' என்ற கம்ப்யூட்டர் பணம் புதிதாக வந்தது. அப்போது அதைச் சீந்துவார் இல்லை. ஹவல்ஸ் தன் லேப்டாப்பை ஓடவிட்டு சுமார் 8 ஆயிரம் பிட்காயின் சேர்த்தார். ஒரு நாள் லேப்டாப் மீது குடிக்கிற பானம் கொட்டிவிட்டது. லேப்டாப்பைப் பிரித்து பாகங்களை விற்றார். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மேஜை டிராயரில் போட்டு வைத்தார். பிறகு மறந்தே போனார்.

டிராயரில் இரண்டு

2013-ல் வீட்டைச் சுத்தம் செய்தபோது டிராயரில் 2 டிஸ்க் கிடந்தன. ஒன்று உபயோகம் இல்லாதது. அதைக் கழிக்க நினைத்தவர், மற்றதைக் குப்பைப் பையில் போட்டுவிட்டார். பை கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. பிட்காயின் விலை எகிறிய செய்தி வந்த பிறகுதான் ஹவல்சுக்குப் பகீர் என்றது!

"தோண்டிப் பார்க்க விடுங்கள். கிடைப்பதில் ஊருக்கும் பங்கு தருகிறேன்" என்று கெஞ்சினார். நகரசபை மசியவில்லை. தோண்டினால் சுற்றுச்சூழல் கெடும் என்றது. குப்பைக்கு வந்த பொருள் எங்களுக்கே சொந்தம் என்றும் அடித்துச் சொன்னது. வழக்கு போட்டார். 2025 ஜனவரியில் ஐகோர்ட்டு தள்ளுபடி செய்துவிட்டது.

இத்தனைக்கும் டிஸ்க்கில் இருந்தது பணம் அல்ல, பணப்பெட்டியின் சாவி. அதாவது ஒரு நீளமான ரகசிய எண். துண்டுச் சீட்டில் எழுதினால்கூட அடங்கிவிடும். அதற்கு வேறு காப்பி இல்லை. அவ்வளவுதான்!

இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்

பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுகிறவர்களும் இதே மாதிரி மாட்டிக்கொள்வது உண்டு. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற தட்டு கிடையாது, அதனால் வேகம். புது டிஸ்க்கை யு.எஸ்.பி. வயரில் மாட்டி, பழையதில் உள்ளதை விண்டோசோடு சேர்த்து அப்படியே இறக்கலாம். இதற்கு 'குளோன்' என்று பெயர். எதிலிருந்து எதற்கு என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் போச்சு! காலி டிஸ்க், நிறைந்த டிஸ்க்கைத் துடைத்துவிடும். கல்யாண போட்டோ, கடைக் கணக்கு எல்லாம் காலி.

அதனால் ஸ்க்ரூவில் கைவைக்கும் முன்பே முக்கியமான பைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட வேண்டும். 'காப்பி ஆகிவிட்டது' என்று திரை சொன்னால் போதாது. இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்க்கணும். கழற்றிய பழைய டிஸ்க்கில் சீட்டு ஒட்டி, தேதி எழுதி, சில வாரமாவது பத்திரமாக வைக்கணும். ஹவல்ஸ் டிராயரில் கிடந்த இரண்டில் ஒன்றில் சீட்டு ஒட்டியிருந்தால், கோர்ட்டுப் படி ஏறியிருக்கவே வேண்டாம்.

வழக்கு தோற்றும் ஹவல்ஸ் விடவில்லை. 2025 பிப்ரவரியில், அந்தக் குப்பை மேட்டையே விலைக்கு வாங்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்!