மிளகாய், ஊமத்தை, ஐம்பது ரூபாய்
வாயில்லாப் போட்டியாளர்கள் – 9

பந்தயக் குதிரைகளின் கால் முறிவு பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, ஏற்காடு மஞ்சக்குட்டையில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏங்க, பல்பர் ஓட்டினா எங்க தோட்டத்துல காபிப் பழத்தோல் மலையாக் குவியுது. ஒரு குதிரை அதுல வாய் வெச்சிட்டுப் போட்டிக்குப் போனா, அதுவும் ஊக்கமருந்துக் கணக்குதானா? அப்ப தண்டனை யாருக்கு? குதிரைக்கா, அதுமேல ஏர்றவருக்கா, தோட்டக்காரனுக்கா?"

முதல் கேள்விக்குப் பதில், ஆமாம். காபிப் பழத்தோலிலும் காஃபீன் இருக்கிறது. மனித விளையாட்டு வீரர்களின் தடைப் பட்டியலிலிருந்து 2004-லேயே காஃபீனை எடுத்துவிட்டார்கள். குதிரைக்கு மட்டும் அது இன்றும் ஆகாது. சவாரி செய்கிறவர் போட்டிக்குமுன் இரண்டு டம்ளர் காபி குடிக்கலாம். அவரைச் சுமக்கிற குதிரையின் சிறுநீரில் காஃபீன் இருந்தால் வெற்றி போய்விடும். மனிதர் தெரிந்து குடிக்கிறார். குதிரை, கொடுத்ததைத் தின்கிறது. இந்த வேறுபாட்டின் மேல்தான் குதிரைப் போட்டிகளின் ஊக்கமருந்து விதிகள் எல்லாம் நிற்கின்றன.

தோட்டக்காரர் கேட்டது கற்பனையான சந்தேகமும் இல்லை. 1979-இல் இங்கிலாந்தின் வூஸ்டர் பந்தயத்தில் 'நோ பாம்ப்ஸ்' என்ற குதிரை ஜெயித்தது. போகும் வழியில் தன்னைப் பார்த்துக்கொண்ட லாயப் பையன் கையிலிருந்த மார்ஸ் சாக்லேட்டைப் பிடுங்கித் தின்றிருந்தது. கோகோவில் உள்ள தியோபுரோமின் சிறுநீரில் தெரிந்தது, பரிசு போனது. 2014-இல் எலிசபெத் ராணியின் 'எஸ்டிமேட்' அஸ்காட் தங்கக் கோப்பையில் இரண்டாவதாக வந்தது. பரிசோதித்தால் மார்ஃபின். தீவனத்தில் கசகசாச் செடி கலந்திருந்ததுதான் காரணம். ராணியின் குதிரையானாலும் இரண்டாம் இடம் பறிக்கப்பட்டது. பயிற்சியாளருக்கோ தண்டனை இல்லை.

சேர்வராயன் மலையின் வேலியோரங்களில் காபியோடு இன்னொன்றும் நிற்கும். ஊமத்தை. மலை பங்களாக்களின் முற்றத்தில் எக்காளம் எக்காளமாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூ இருக்கிறதே, அதுவும் ஊமத்தைக்கு உறவுதான். இரண்டிலும் ஸ்கோபாலமின் உண்டு. 2018 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் சான்டா அனிடா டெர்பியை வென்ற 'ஜஸ்டிஃபை' என்ற குதிரையின் மாதிரியில் அந்த ஸ்கோபாலமின் இருந்தது. வைக்கோலில் ஊமத்தை கலந்திருக்கும் என்று சொல்லப்பட்டது. இருக்கலாம். ஆனால் மாநில வாரியம் அதைக் கதவை மூடிக்கொண்டு விசாரித்து, கதவை மூடிக்கொண்டே கைவிட்டது. இதற்கிடையில் அந்தக் குதிரை அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றுவிட்டது. 2019 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ராணியின் குதிரையில் கலப்படம் என்று ஏற்றுக்கொண்டார்கள், இடத்தையும் பறித்தார்கள். இங்கே கலப்படம் என்று சொல்லி வெற்றியை அப்போது அப்படியே விட்டார்கள். எது நியாயம் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. யார் மேல் தவறு என்பது வேறு விசாரணை. அந்த ஓட்டம் சுத்தமான உடம்போடு ஓடியதா என்பது வேறு விசாரணை. இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், முதலாவதன் பதில் எதுவாக இருந்தாலும் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

வெற்றியைப் பறிப்பது இப்படி எளிதாகத் தீர்ந்துவிடும். தடைக்காலம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அதற்கு ஹாங்காங் போக வேண்டும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அங்கே தடை தாண்டும் குதிரைகளின் மாதிரியில் கிடைத்தது நம் வீட்டு அடுக்களைப் பொருள்: மிளகாயின் காரம், கேப்சைசின். நார்வேயின் டோனி ஆந்த்ரே ஹான்சன், அயர்லாந்தின் டெனிஸ் லிஞ்ச், ஜெர்மனியின் கிறிஸ்டியன் ஆல்மன், பிரேசிலின் பெர்னார்டோ ஆல்வெஸ் ஆகியோரின் குதிரைகள் அதில் அகப்பட்டன. பிரேசிலின் ரோட்ரிகோ பெஸோவா ஏறிய 'ரூஃபஸ்' குதிரையிடம் கேப்சைசினின் நெருங்கிய உறவான நோனிவமைடு இருந்தது.

மிளகாய்க் களிம்பு இரண்டு வேலை செய்யும். முதுகுவலிக்குத் தடவினால் வலி மரத்துப்போகும். மருந்துக் கடையில் நாமே வாங்குகிற களிம்புகளில் அது உண்டு. அதையே குதிரையின் முன்னங்காலில் தடவினால் தோல் எரியும். அப்போது கட்டையில் கால் லேசாகப் பட்டாலும் உயிர் போகும். அந்த வலிக்குப் பயந்து குதிரை காலை இன்னும் உயரத் தூக்கும். கட்டை விழாது. ஒரு மருந்தே முதுகில் சிகிச்சை, காலில் சித்திரவதை. சிறுநீர்ப் புட்டியைப் பார்த்து எங்கே தடவினார்கள் என்று எந்த ஆய்வகமும் சொல்லிவிட முடியாது.

நார்வே அணி வெண்கலத்தை இழந்தது. அது சுவிட்சர்லாந்துக்குப் போனது. தடைக்காலங்களைப் பாருங்கள். லிஞ்சுக்கு மூன்று மாதம். பெஸோவாவுக்கு நாலரை மாதம். ஆல்மனுக்கு முதலில் நான்கு மாதம். மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை எட்டு மாதமாக்கியது. ஒரே போட்டி, ஒரே வாரம், ஒரே வகைக் காரம். கேட்பவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு விதித்திருந்தால் நியாயமாகிவிடுமா? வலிக்கு மருந்து போட்டவரையும் வலியை உண்டாக்கியவரையும் ஒரே தட்டில் வைத்ததாகிவிடும். நான் எதிர்பார்ப்பது ஒரே எண்ணிக்கையை அல்ல; ஏன் இவருக்கு மூன்று, அவருக்கு எட்டு என்று ஒரு சாதாரண ரசிகர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய காரணத்தை.

பெஸோவாவின் பெயரை இதற்கு நான்கு ஆண்டு முன்னும் பார்க்கலாம். 2004 ஏதென்ஸில் தங்கம் வென்றவர் அயர்லாந்தின் சியான் ஓ'கானர், குதிரை 'வாட்டர்ஃபோர்ட் கிரிஸ்டல்'. மனநோயாளிகளுக்குத் தரும் இரண்டு மருந்துகள் அதன் மாதிரியில் இருந்தன. சில வாரங்களுக்கு முன் நீர்ச் சிகிச்சையின்போது குதிரை மிரளாமல் இருக்கக் கொடுத்தது என்றார்கள். இரண்டாவது சிறுநீர் மாதிரி இங்கிலாந்து ஆய்வகத்துக்குப் போகும் வழியில் திருடு போனது. அப்புறம் இரத்த மாதிரியைச் சோதித்துத்தான் முடிவுக்கு வந்தார்கள். வேண்டுமென்று ஆதாயம் தேடவில்லை என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டு மூன்று மாதத் தடையோடு நிறுத்தியது. ஆனால் தங்கம் போனது. அது பெஸோவாவிடம் வந்தது. அடுத்த ஒலிம்பிக்கில் அவரும் மேலே சொன்ன பட்டியலில்.

இந்த அவமானங்களுக்குப் பிறகு, 2010-இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் பட்டியலை இரண்டாகப் பிரித்தது. குதிரைக்கு எந்தக் காலத்திலும் தேவைப்படாதவை ஒரு பட்டியல். சிகிச்சைக்கு உதவும், ஆனால் போட்டி நேரத்தில் உடம்பில் இருக்கக் கூடாதவை இன்னொன்று. முன்னதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டு தடை; பின்னதற்கு ஆறு மாதம்; தவறின் அளவைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ப்ரொகேயின் பென்சிலினை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குப் போட்ட ஊசிதான். அதிலுள்ள ப்ரொகேயின் மரத்துப்போகச் செய்யும் மருந்தும்கூட, நொண்டலை மறைக்கும், நாள்கணக்கில் உடம்பில் தங்கும். இதற்கும் மனநோய் மருந்துக்கும் ஒரே தண்டனை என்றால், நோயுற்ற குதிரைக்கு ஊசி போடவே ஆட்கள் தயங்குவார்கள். பட்டியலைப் பிரித்தது சரியான காரியம்.

ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் அப்பால் இன்னொரு வகைப் போட்டி இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு மவுசு அதிகம். குதிரை எவ்வளவு சாந்தமாக, ஒரே சீராக, அழகாக நடந்து தாண்டுகிறது என்று நடுவர் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுவார். காதை மடக்கினாலோ துள்ளினாலோ மதிப்பெண் குறையும். ஆகவே அங்கே ஊசி வேகத்துக்கல்ல, சாந்தத்துக்கு. எதற்குப் பரிசு வைக்கிறோமோ அதற்கு ஏற்ற மருந்தை லாயத்தில் தேடுவார்கள். மூளையின் படபடப்பைத் தணிக்கும் காபா என்ற பொருள் அடங்கிய 'கரோலினா கோல்ட்' அங்கே புழங்கியது. 2012-இல்தான் தடை வந்தது. அதே ஆண்டு பென்சில்வேனியாவின் டெவன் கண்காட்சியில் ஒரு சிறுமி ஏறவிருந்த 'ஹம்பிள்' என்ற மட்டக்குதிரை, ஊசி போட்ட சில நிமிடங்களில் சுருண்டு விழுந்து செத்தது. விதி மீறல் என்று நிரூபிக்க முடியவில்லை. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

அதன் பிறகு அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பு செய்ததை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு மருந்தாகத் துரத்துவதை மட்டும் நம்பியிராமல், போட்டிக்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரத்தில் சில விதிவிலக்குகள் நீங்கலாக எந்த ஊசியுமே கூடாது என்று விதி போட்டார்கள்; மைதானத்தில் குதிரை சுருண்டு விழுந்தால் உடனே தகவல் தர வேண்டும், பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். என்ன மருந்து என்று ஆய்வகம் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊசியைக் கையில் வைத்திருந்தாலே கேள்வி கேட்கலாம்.

இனி நம் ஊர். ஜல்லிக்கட்டில் பரிசு, காளையின் சீற்றத்துக்கு. எனவே குற்றச்சாட்டும் அதற்கேற்பவே வந்தது: வாயில் சாராயம், கண்ணிலும் மூக்கிலும் மிளகாய்ப்பொடி. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தபோது, விலங்கு நல வாரியம் தந்த இத்தகைய அறிக்கைகளையும் எடுத்துப் பேசியது. 2017-இல் தமிழகம் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. இன்று வாடிவாசலுக்குள் விடுமுன் காளையைக் கால்நடை மருத்துவர் பார்க்கிறார். ஜல்லிக்கட்டு நடக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனாலேயே இந்தப் பரிசோதனை சடங்காகிவிடக் கூடாது என்று சொல்கிறேன். மிளகாய்ப்பொடியால் சீறுகிற காளையை அடக்கியதில் வீரமும் இல்லை, அந்தக் காளையை வளர்த்ததில் பெருமையும் இல்லை.

கிண்டிக்கும் இதே கதிதான். 1996-இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டமல்ல, திறமைக்கான ஆட்டம் என்றது. குதிரையின் வம்சமும் பயிற்சியும் ஜாக்கியின் கைத்திறனும் வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்பதே அதன் அடிப்படை. வெற்றியை ஊசி தீர்மானித்தால் அந்தத் தீர்ப்பின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

சரி, இந்தியச் சட்டம் என்ன தண்டனை தருகிறது? விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960. நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாக அதற்கு விதை போட்டவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அதன் பதினோராம் பிரிவு, தீங்கான மருந்தையோ பொருளையோ வேண்டுமென்றே விலங்குக்குக் கொடுப்பதைக் குற்றம் என்கிறது. முதல் முறையானால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் இருபத்தைந்து முதல் நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் ஐம்பது ரூபாய் ஒரு பெரிய தொகை. இன்று சிறந்த காளைக்கு டிராக்டரும் காரும் பரிசு தருகிறோம். பரிசு காராக வளர்ந்த பிறகும் அபராதம் ஐம்பது ரூபாயிலேயே நின்றால், அதைத் தண்டனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறைந்தது, பரிசின் மதிப்பாவது அபராதமாக வேண்டும்.

அந்த அபராதம் யார் கையிலிருந்து போகிறது என்பது அதைவிட முக்கியம். சர்வதேசப் போட்டியில் முதல் பொறுப்பு சவாரி செய்கிறவருக்கு. அமெரிக்கக் கண்காட்சிகளிலும் நம் பந்தயங்களிலும் பயிற்சியாளருக்கு. ஆனால் கொள்ளு ஊற வைப்பவர், கொடுத்த மாத்திரையைத் தீவனத்தில் கலப்பவர், விடியலில் குதிரையை நடத்திக் கூட்டிப்போகிறவர் லாயத்தில் கூலிக்கு இருக்கும் சைஸ். விஷயம் வெளியே வந்தால் முதலில் வேலை போகக்கூடியவரும் அவர். மருந்தை வாங்கச் சொன்னவர், எழுதிக் கொடுத்த மருத்துவர், பரிசை வீட்டுக்குக் கொண்டுபோன உரிமையாளர் ஆகியோர் பெயர் இல்லாத எந்தத் தண்டனை ஆணையையும் நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன். தடை பெற்ற பயிற்சியாளரின் குதிரைகள் அடுத்த வாரமே உதவியாளர் பெயரில் களமிறங்குவதையும் விதி தடுக்க வேண்டும். தடைப் பட்டியல் பொருள் கிடைத்த குதிரைக்குச் சர்வதேசக் கூட்டமைப்பு இரண்டு மாதம் போட்டி ஓய்வு தருகிறது. அதை உள்ளூர்ப் போட்டிகளும் எடுத்துக்கொள்ளலாம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆடிக் காட்டும் குதிரைகளுக்கும், ஏற்காடு கோடை விழாக் கண்காட்சிக்கு வரும் நாய்களுக்கும்கூட.

இவை எல்லாமே ஒரு சிறுநீர்ப் புட்டியை நம்பி நிற்கின்றன. ஏதென்ஸ் குதிரையின் புட்டி வழியிலேயே திருடு போனது. நம் நாட்டில் தில்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்து ஆய்வகத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2019 ஆகஸ்டில் நிறுத்திவைத்து, 2021 டிசம்பரில்தான் திருப்பிக் கொடுத்தது. மாதிரியை யார் எடுக்கிறார்கள், யார் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.