விசில் ஊதும் முன்…

சில ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூர்ப் பகுதியில் நடந்த ஒரு பள்ளி ஆட்டம். உடற்கல்வி ஆசிரியர் வேறு பணியில் இருந்ததால், அறிவியல் ஆசிரியரான என் கையில் விசில் வந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கைகளை நேராக உயர்த்தி நின்றாள். எதிரணி மாணவி ஓடி வந்து அவள் மார்பில் மோதி விழுந்தாள். விழுந்தவளைப் பார்த்துப் பதறி, நின்றவள் மீது ஃபவுல் கொடுத்தேன். அது அவளுக்கு ஐந்தாவது. “நான் நகரவே இல்லையே சார்” என்று கண் கலங்கி வெளியேறினாள். விதிநூலைப் படித்தபோதுதான் அவள் சொன்னதே சரி என்று தெரிந்தது.

தன் இடத்தில் நின்று, கைகளை நேர்மேலே உயர்த்தும் உரிமை தடுப்பவருக்கு உண்டு. எதிராளியைப் பார்த்தபடி இரு கால்களும் தரையில் ஊன்றி முன்பே நின்றவர் மார்பில் மோதினால், ஃபவுல் மோதியவருக்கே. தடுப்பவர் பக்கவாட்டில் சாய்ந்தாலோ கையை முன்னால் இறக்கினாலோதான் பழி அவருக்கு. விழுந்தவர் யார் என்பதல்ல, அந்த இடம் யாருடையது என்பதே கேள்வி.

எறியும்போது ஃபவுல் நடந்து பந்து கூடையில் விழுந்தால், புள்ளியுடன் ஒரு ஃப்ரீ த்ரோ. விழாவிட்டால், எறிந்த இடத்தைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று.

கோல்டெண்டிங் என்பது ஃபவுல் அல்ல, விதிமீறல். ஐந்தில் அது சேராது. எறிந்த பந்து 3.05 மீட்டர் உயர வளையத்துக்கு முழுவதும் மேலே இருக்கிறதா? உச்சியைக் கடந்து இறங்குகிறதா, அல்லது பலகையில் பட்டுவிட்டதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் யாரும் தொடக் கூடாது. தடுப்பவர் தொட்டால் எறிந்த அணிக்குப் புள்ளி உண்டு. எறிந்த அணியினரே தொட்டால் புள்ளி இல்லை. ஏறும் பந்தைத் தட்டுவது நல்ல தடுப்பாட்டமே. எறிபொருளின் பாதையை நடத்தும்போது இதையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

நம் பிள்ளைகள் அவ்வளவு உயரம் எட்டுவது அரிது. ஆனால் பந்து வளையத்தின் மேல் உருளும்போது வலையை இழுப்பதும் பலகையைத் தட்டுவதும் உண்டு, அவையும் விதிமீறலே. கைப்பேசியில் என்.பி.ஏ. பார்க்கும் மாணவர்கள், “ஆறு ஃபவுல் வரை ஆடலாமே” என்பார்கள். நாம் பின்பற்றும் பன்னாட்டு விதியில் ஐந்துதான் என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் அந்த மாணவியிடம், “தப்பு என்னுடையதும்மா” என்றேன். அடுத்த ஆட்டத்துக்கு அவளே முதல் ஆளாக வந்து நின்றாள்.