நாக்கில் புண், கழுத்தில் ஏன் அறுவை?

மும்பை மாதுங்கா பகுதிக் கிளையில் நான் பணியாற்றிய நாளில், வாடிக்கையாளர் ஒருவர் தம் வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்னரே முறித்துத் தரக் கோரி வந்தார். தம்பிக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய், தொடக்க நிலைதான். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபின் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “புண் நாக்கில்தானே இருக்கிறது சார்? கழுத்தையும் திறந்து நெறிகளை எடுக்க வேண்டும் என்கிறார்கள். கழுத்தில் கட்டி எதுவும் தென்படவில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள். பிறகு இது எதற்கு?”

அன்று என்னிடம் விடை இல்லை. வணிகவியல் படித்தவனுக்கு வட்டிக் கணக்குத் தெரியும், நிணநீர் தெரியாது. பின்னர் படித்தும், மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை அவருடைய இசைவுடன் இங்கு எழுதுகிறேன்.

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. புண் ஓரிடம், வீக்கம் வேறோரிடம். இவ்விரண்டையும் இணைக்கும் வழியே நிணநீர் மண்டலம். இரத்தத் தந்துகிகளிலிருந்து நீர்மம் இடைவிடாது கசிந்து திசுக்களை நனைக்கிறது. அதைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர் நாளங்களின் பணி; நாளொன்றுக்குச் சில லிட்டர் இவ்வாறு திரும்புகிறது. இதனை உந்த இதயம் போன்ற உறுப்பு நமக்கு இல்லை. நாளங்களின் மெல்லிய சுருக்கமும், தசைகளின் அசைவும், பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வுகளுமே அதை நகர்த்துகின்றன. வழியெங்கும் அவரை விதை வடிவில் நிணநீர்க் கணுக்கள் அமைந்துள்ளன. நாம் ‘நெறி’ என்பது இவற்றைத்தான். கள்ள நோட்டைத் தேடும் காசாளர் போல, கணுவிலுள்ள வெள்ளணுக்கள் வரும் நிணநீரைச் சோதித்தே மேலே அனுப்புகின்றன.

புற்றணு இவ்வழியை நாடுவதற்குக் காரணம் உண்டு. இரத்தக் குழாயின் சுவர் இறுக்கமானது. நிணநீர்த் தந்துகியின் சுவரோ, ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று தளர்வாகப் படிந்த அணுக்களால் ஆனது. இடுக்குகள் எளிதில் திறக்கும். உள்ளே ஓட்டம் மெதுவானது என்பதால் அணு சிதையாமல் பயணம் செய்ய இயலும். சில கட்டிகள் வேதிப்பொருளைச் சுரந்து, தம்மருகே புதிய நிணநீர் நாளங்களை முளைக்கச் செய்வதும் உண்டு. கணுவை அடையும் புற்றணுக்களில் பல அங்கேயே அழிகின்றன. தப்பிய ஒன்றிரண்டு, கணுவின் உறைக்கு அடியில் தங்கிப் பெருகத் தொடங்குகின்றன. அந்நிலையில் அவை விரலுக்கும் அகப்படா, ஸ்கேனிலும் தப்பக்கூடும்.

இப்பயணம் பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் நிகழ்கிறது. மார்பகத்துக்கு முதல் நிறுத்தம் பெரிதும் அக்குள். நாக்குக்குத் தாடையின் அடிப்பகுதியும் மேல் கழுத்தும். உடலின் பெரும்பகுதி நிணநீரைச் சுமந்துவரும் பெருநாளம் இடது காறை எலும்பின் அருகே சிரையில் கலப்பதால், வயிற்றுப் புற்று சில வேளை அவ்வெலும்பின் மேல் ஒரு கட்டியாகத் தலைகாட்டும். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரை அக்கணு இன்றும் தாங்கி நிற்கிறது.

இனி, வாடிக்கையாளரின் வினாவுக்கு வருவோம். தொடக்க நிலை வாய்ப்புற்றில், கழுத்தில் ஏதும் தென்படாதபோதும், நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேருக்குக் கணுக்களில் நோய் மறைந்திருக்கும். அனைவருக்கும் கணுக்களை உடனே அகற்றுவதா, வீக்கம் தோன்றும்வரை கண்காணிப்பதா என்று மருத்துவர்கள் நீண்ட காலம் வாதிட்டனர். விடை நம் நாட்டிலிருந்தே வந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் மருத்துவர் அனில் டி’குரூஸ் குழுவினர் 2004 முதல் நடத்திய ஆய்வின் முடிவு 2015இல் வெளியாயிற்று. 500 நோயாளிகளின் விவரங்கள் ஆராயப்பட்டன. உடனே கணுக்களை அகற்றிய பிரிவில் மூன்றாண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் 80 விழுக்காடு. காத்திருந்த பிரிவில் 67.5 விழுக்காடு. வட்டி விகிதத்தில் கால் விழுக்காட்டுக்கே கணக்குப் பார்ப்பவர்கள் நாம். இங்குள்ள வேறுபாடோ பன்னிரண்டரை.

இதை எல்லாப் புற்றுக்கும் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளலாகாது. மார்பகப் புற்றில் அக்குள் கணுக்கள் அனைத்தையும் எடுப்பது கையில் தீராத வீக்கத்தைத் தரக்கூடும். எனவே சாயத்தின் துணையால் முதற்கணுவை மட்டும் கண்டறிந்து, அதில் நோய் இல்லையெனில் மற்றவற்றை விட்டுவிடுகின்றனர். புற்று இரத்த வழியாகவும் பரவும். அதற்குக் கணுக்களை அகற்றுவது தடையாகாது.

கழுத்தில் நெறி கட்டியவுடன் அஞ்ச வேண்டியதில்லை. பல்சொத்தை, தொண்டைப்புண், காசநோய் ஆகியவையும் காரணமாகலாம். ஆயினும் மூன்று வாரம் கடந்தும் கரையாத கட்டியையோ, ஆறாத வாய்ப்புண்ணையோ மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். புகையிலை, பாக்குப் பழக்கம் உள்ளோர் குறிப்பாக. “வலிக்கவில்லையே” என்று நாள் கடத்துவோர் பலர். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே இதிலுள்ள சிக்கல்.

அந்தத் தம்பி அறுவைக்கு இசைந்தார். சில வாரங்கள் கழித்து அண்ணன் பரிசோதனை அறிக்கையுடன் கிளைக்கு வந்தார். கழுத்திலிருந்து எடுத்த கணுக்கள் 28. அவற்றுள் இரண்டில் புற்று இருந்தது. இரண்டுமே எவர் விரலுக்கும் அகப்படாதவை. அடுத்து கதிர்வீச்சுச் சிகிச்சை என்றார். அதற்காக இரண்டாவது வைப்புச் சீட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.