இணையப் படிவமும் யாவாஸ்கிரிப்ற்றும்

கந்தோர்களில் விண்ணப்பத் தாள் கொடுத்தவர்கள் ஒன்றை அறிவர். தாளை வாங்கும் இலிகிதர் அதனை ஒருமுறை பார்த்து, "திகதி எழுதவில்லையே, ஐயா" என்று அவ்விடத்திலேயே திருப்பித் தருவாராயின் அது நமக்கு உபகாரம். வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மாதத்தின் பின் நிராகரித்துக் கடிதம் விடுப்பாராயின் நட்டம். இணையத்தளப் படிவங்களில் யாவாஸ்கிரிப்ற் என்னும் நிரல்மொழி செய்வது முற்கூறிய நல்ல இலிகிதரின் பணியேயாம்.

1995ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிறெண்டன் ஐக் என்பார் இம்மொழியின் முதல் வடிவைப் பத்து நாள்களில் ஆக்கினார். அதற்கு முன், படிவத்திலுள்ள சிறு பிழையும் தொலைவிலுள்ள வழங்கிக் கணினிக்குச் சென்று மீண்ட பின்னரே நிரப்பியவருக்குத் தெரியவரும். தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல நடந்த அக்காலத் தொடர்பில் அது பொறுமையைச் சோதிப்பதாயிற்று.

நிகழ்வது இதுவே. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் உலாவி, 'சப்மிற்' என்னும் நிகழ்வை எழுப்பும். அதற்குச் செவிகொடுத்து நிற்கும் நிரல், 'பிரிவென்ற் டீபோல்ற்' என்னும் ஆணையால், பக்கத்தை மாற்றித் தானே அனுப்பிவிடும் உலாவியின் இயல்பைத் தடுக்கும். பின்னர் கட்டங்களைச் சோதித்து, 'போம் டேற்றா' என்னும் கருவியால் விடைகளைத் திரட்டி, 'பெட்ச்' என்னும் ஆணையால் வழங்கிக்கு விடுக்கும். நிரலிலே பெயரிடப்படாத கட்டம் இத்திரட்டிற் சேராது. புதியோர் பலர் இங்கே இடறுவர்.

யான் இடறியது வேறோரிடத்தில். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உதவிப்பண நிதிக்குப் படிவம் அமைத்துக் கொடுத்தேன். 'பெட்ச்' ஆணை, மறுமொழி யாதாயினும் வந்துவிட்டால் வெற்றியென்றே கொள்ளும். "என்னால் இயலவில்லை" என்று பொருள்படும் 500 என்னும் மறுமொழியும் அதற்கு மறுமொழியே. தொடர்பு அறுந்தால் மட்டுமே அது தோல்வி என்னும். ஆகவே மறுமொழியின் 'ஓகே' என்னும் பண்பை நிரலாளரே பார்த்தல் வேண்டும். யான் பார்த்திலேன். முடிவுத் திகதியன்று மாலை வழங்கியிற் கோளாறு நேர்ந்தது. ஆயினும் திரையில் "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்றே தோன்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் நம்பிச் சென்றனர். நிதியினர் திகதியை நீட்டியபோதும், அம்மாலை விண்ணப்பித்தோர் யாவர் என்று அறிந்து அழைக்க வழியில்லாது போயிற்று.

பெயர்க் கட்டத்தைப் பற்றியும் ஒருவார்த்தை. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையே ஏற்கும் படிவங்கள் இன்றும் உள. யூனிகோட் முறையில் 'எழுத்து' என்னும் வகை முழுவதையும் ஏற்குமாறு விதித்தாலும் தமிழ்ப் பெயர் தேறாது. அம்முறையில் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'குறி' என்னும் வேறு வகையைச் சார்ந்தவை. 'முருகன்' என்று எழுதினால் ககரம் ஒன்றே தடையின்றிச் செல்லும்; ஏனைய மூன்றிலும் குறிகள் அகப்படும். இரு வகைகளையும் ஏற்குமாறு விதித்தல் வேண்டும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்குவதும் தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம்மவர்க்கு இடையூறே.

இச்சோதனைகள் காவலாகா என்பதையும் மாணவர் மறத்தலாகாது. உலாவியில் யாவாஸ்கிரிப்ற்றை எவரும் நிறுத்திவிடலாம். படிவத்தையே தொடாது வழங்கிக்கு நேரே தரவு விடுக்கவும் கூடும். ஆதலின் அத்தனை சோதனையும் வழங்கியிலே மீளவும் நிகழ்தல் வேண்டும். பொறுமையிழந்தோர் பொத்தானை இருமுறை அழுத்துவர். அதனால் அனுப்பும்போது பொத்தானை முடக்குதல் நன்று. அனுப்புதல் தவறினால் அதனை மீண்டும் இயங்கச் செய்து, எழுதியவை கட்டங்களில் அழியாதிருக்க விட்டு, நேர்ந்தது யாதென்று தெளிவான தமிழில் அறிவித்தல் வேண்டும். என் படிவத்தில் இப்பொழுது நன்றி கூறும் வரி, வழங்கி பதிவெண் ஒன்றைத் திருப்பித் தந்த பின்னரே தோன்றுகின்றது.