பூனையின் படர்தாமரைக்கு உள்மருந்து

பூனையின் காதோரத்திலும் முகத்திலும் பாதங்களிலும் ரோமம் திட்டுத்திட்டாக உதிர்ந்து, அவ்விடத்துச் சருமம் செதிள் செதிளாகக் காணப்படுமாயின், முதலில் சந்தேகிக்க வேண்டியது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சையால் உண்டாகும் படர்தாமரையையே. இப்பூஞ்சை ரோமத்திலும் நகத்திலும் சருமத்தின் மேற்படலத்திலும் உள்ள கெரட்டின் என்ற பொருளையே ஆகாரமாகக் கொண்டு ஜீவிப்பது. ரத்த ஓட்டம் எட்டாத அந்த இடத்தில் குடியேறிய சத்துருவை, வாய்வழியே உட்கொள்ளும் மருந்து எங்ஙனம் சென்றடையும்?

1939ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, ரைஸ்டிரிக், சிமோனார் ஆகிய மூவர் பெனிசிலியம் இனத்துப் பூஞ்சையொன்றிலிருந்து பிரித்தெடுத்ததும், பின்னர் பயிர்நோய் ஆராய்ச்சியாளரே பெரிதும் கவனித்துவந்ததுமான கிரிசியோபல்வின் என்னும் பொருளை, 1958இல் கிளாஸ்கோ நகரத்து ஜென்டில்ஸ் என்பவர் படர்தாமரை கண்ட கினிப்பன்றிகளுக்கு வாய்வழியே கொடுத்துக் குணங்கண்டபோது அக்கேள்விக்கு விடை கிடைத்தது. ரத்தத்தோடு செல்லும் மருந்து, ரோமத்தின் வேரில் புதிதாக உருவாகும் கெரட்டினோடு கலந்துவிடுவதால், அதன்பின் வளர்ந்து மேலெழும் ரோமம் பூஞ்சைக்கு இடங்கொடாத ரோமமாகவே வெளிப்படுகிறது. பூஞ்சையை ஒடுக்கப் பூஞ்சையே மருந்தளித்த விசித்திரம் இது!

ஆயினும் சில பூனைகளின் எலும்பு மஜ்ஜையைப் பாதிப்பதாலும், சினைப்பூனையின் வயிற்றிலுள்ள குட்டிகளை ஊனமாக்கக் கூடியதாலும், அம்மருந்து பின்தங்கி, இட்ராகோனசோல் முன்வந்தது. இதுவும் ரோமத்தில் தங்கி நிற்கும் இயல்புடையதாகையால், உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் ஒரு வாரம் நாள்தோறும் கொடுத்து, மறுவாரம் நிறுத்தி, இவ்வாறு மூன்று சுற்றுகள் கொடுக்கும் முறையை வைத்தியர்கள் கையாளுகின்றனர்.

பூனை வளர்ப்போர் பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்றுண்டு. உள்மருந்து இனி முளைக்கும் ரோமத்தைக் காக்குமேயன்றி, ஏற்கெனவே பீடிக்கப்பட்ட ரோமத்தைச் சுத்தி செய்வதில்லை. அந்த ரோமம் பாயிலும் மெத்தையிலும் உதிர்ந்தால், அதிலுள்ள வித்துகள் மாதக்கணக்கில் அழியாமலிருந்து, மற்றப் பூனைகளையும் வீட்டுக் குழந்தைகளையும் தொற்றக்கூடும். ஆகவே சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலில் பூனையை வாரம் இருமுறை நனைப்பதும் (அதன் துர்நாற்றத்தைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்), உதிர்ந்த ரோமத்தை அன்றாடம் அகற்றுவதும் சிகிச்சையில் சரிபாதி. புது ரோமம் முளைத்துவிட்டதென்று மருந்தை நிறுத்திவிடாமல், ரோமத்தைப் பரிசோதனைச் சாலையில் சோதித்துப் பூஞ்சை அற்றுப்போயிற்று என அறிந்த பின்னரே நிறுத்துதல் தகும். தமக்கு வாங்கிய மாத்திரையை ஒடித்துப் பூனைக்குக் கொடுக்க நினைப்பவர்கள், இம்மருந்துகள் கல்லீரலைத் தாக்க வல்லவை என்பதை உணர்ந்து, முதலில் கால்நடை மருத்துவரைக் கண்டு கேட்பார்களாக.