சினமும் குழந்தை வளர்ப்பும்

ஆசிரியர் கடிந்துரைக்கும்பொழுது ஒரு மாணவன் தலைகவிழ்ந்து நிற்கின்றான், மற்றொருவன் முறுவலிக்கின்றான். பின்னவன் துடுக்கன் எனத் தண்டிக்கப்படுகின்றான். ஆயின், சினத்தை எவ்வாறு எதிர்கொள்வதென்பதை இருவரும் பள்ளிக்கு வருமுன்னரே வீட்டிற் கற்றுவிட்டனர். அப்பாடம் எல்லா இனத்தார் வீட்டிலும் ஒன்றன்று என்பதை மானிடவியலார் இருவரின் ஆராய்ச்சி நன்கு புலப்படுத்துகின்றது.

ஜீன் பிறிக்ஸ் என்னும் அம்மையார் 1963 முதல் 1965 வரை கனடாவின் வடகோடியில், சான்றி நுழைகுடாப் பகுதியில், இனுயிற் குடும்பமொன்றின் வளர்ப்பு மகளாய் வாழ்ந்தார். முன்னர் எஸ்கிமோவர் எனப்பட்ட அம்மக்கள் குழந்தையை அதட்டுவதில்லை. 'இஹுமா' என்று அவர்கள் கூறும் அறிவு குழந்தைக்கு இன்னும் வாய்க்கவில்லை; அறிவு வாயாததனோடு சினந்து நிற்கும் பெரியவர் தாமே குழந்தையாகிவிடுகின்றார் என்பது அவர் கொள்கை. இதனாற் குழந்தை கட்டின்றி வளரும் எனக் கருதுதல் பிழை. அடித்த குழந்தை அமைதியுற்றபின், தாய் விளையாட்டாக, இன்னும் ஏன் அடிக்கவில்லை என்று வினவுவாள். அடித்தால், நோவதுபோல் நடித்து, தன்மேல் அன்பில்லையோ என்பாள். சினத்தின் பயனைச் சினமின்றியே குழந்தை கண்டுகொள்கின்றது. அம்மையாரோ இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றார். அம்மக்களின் ஓடத்தைப் பழுதாக்கிய வெள்ளையரை அவர் ஒருமுறை கடிந்து பேசினார். அவர்கள் பொருட்டே பேசியும், திங்கள் சில அவரை அணுகுவார் இலராயினர்.

பசிபிக் மாகடலின் இஃபலுக் தீவில், 1970களின் பிற்பகுதியில், கதரின் லற்ஸ் கண்டது வேறு. முறைதவறியவர்மேல் எழும் நியாயமான சினத்துக்கு ஆங்குச் 'சொங்' என்று தனிப்பெயருண்டு. அதனைக் கண்டு பிள்ளை கொள்ளும் அச்சம் 'மெதகு'. நல்லொழுக்கம் அதனின்றே பிறக்கும் என்பர். இதற்காக அடித்தலை அவர் விரும்புவதில்லை. நெடிதாக அறிவுரை கூறுவர், அடங்காவிடிற் பேயை அழைப்பர். பூச்சாண்டியை அறிந்த தமிழர்க்கு இது புதிதன்று. வியப்புக்குரியது யாதெனின், குழந்தையின் மிகுகளிப்பையும் அவர்கள் ஐயுறுதலாம். களிப்பு மிக்க குழந்தைக்கு அச்சம் அற்றுப்போம் என்க. ஆடிக் குதித்துக் குறும்பு செய்த சிறுமியை நோக்கி லற்ஸ் முறுவலித்தார். உடனிருந்த பெண் அதனைத் தடுத்தாள்: சிரித்தால், தம்மிடத்துச் சொங் இல்லையென்று அவள் எண்ணிவிடுவாளாம்.